நரிப்பாறை பங்களாவின் குருட்டு ஜன்னல்

நரிப்பாறையில் மாடு வைத்திருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் நம்பியதாக எந்தக் காலத்திலும் பேச்சு கிடையாது. பக்கத்து வீட்டு மாடு தன் மாட்டைவிடக் கூடுதலாகக் கறந்தால் அதில் தண்ணீர் இருக்கிறது என்றும், குறைவாகக் கறந்தால் மீதியைத் திருட்டுத்தனமாக டீக்கடைக்கு ஊற்றுகிறான் என்றும், சமமாகக் கறந்தால் வேலியோரம் நின்று நம் தொழுவத்தை உளவு பார்க்கிறான் என்றும் எண்ணி வாழ்ந்தவர்கள் நாங்கள். அதனால்தான், பால் சொசைட்டி நடக்கிற துரை பங்களாவின் வடக்குச் சுவரில் செங்கல் வைத்து அடைத்திருந்த ஜன்னல் ஓர் ஐப்பசி மழையில் உதிர்ந்து விழுந்து, அதன் வழியே எங்கள் மிளகுக்கொடிகளுக்குப் பதிலாக வேறொரு தேசத்தின் மாட்டுத்தொழுவம் தெரிந்தபோது, எங்களில் ஒருவர்கூட இது எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. இது யார் வேலை என்றுதான் கேட்டோம்.

அந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த மலைக்குக் காப்பித் தோட்டம் போட வந்த மற்றத் துரைமார்கள் அகலமான வராந்தாவும் உயரமான கூரையுமாகக் காற்றோட்டமான பங்களாக்களைக் கட்டிக்கொண்டபோது, ஹார்வுட் துரை மட்டும் இங்கிலாந்தில் தன் தகப்பன் வாழ்ந்த பண்ணைவீட்டை அப்படியே இங்கே கட்டினார். பாதி அரண்மனை, பாதி தானியக் கொட்டகை என்று சொல்லத்தக்க வீடு அது. கையை முழுதாக நீட்டினாலும் மறுபுறம் எட்டாத அளவுக்குத் தடித்த சுவர்கள். துரையே குனிந்துதான் போகவேண்டிய தாழ்ந்த உத்தரங்கள். நடுக்கூடத்தில் ஒரு கன்றுக்குட்டி நின்று திரும்பக்கூடிய அளவுக்கு அடுப்பு. வீட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் ஒரு நடை. அதன் இரு முனையிலும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கதவுகள். அவர்கள் ஊரில் அந்தக் கதவுகளைத் திறந்துவைத்து, வருகிற காற்றில் தானியம் தூற்றுவார்களாம். இங்கே அதன் வழியே மூடுபனி வந்தது, சில நாள் நரியும் வந்து நிதானமாக மறுபக்கம் இறங்கிப் போனது. தகப்பன் வீட்டு உத்தரங்கள் பல தலைமுறைப் புகையில் கறுத்திருந்தன என்பதற்காக, புத்தம்புது மரங்களுக்குக் கரி பூசச் சொன்னார் துரை. பூசினார்கள்.

தகப்பன் வீட்டில் சில ஜன்னல்கள் அடைபட்டிருந்தன. ஜன்னலுக்கு வரி போட்ட காலம் ஒன்று அந்த நாட்டில் இருந்ததாம், வரிக்குப் பயந்து ஜனங்கள் அடைத்துவிட்டார்களாம். துரைக்குச் சொல்லப்பட்ட காரணம் அதுதான். வரைபடத்தில் அந்த ஜன்னல்கள் கறுப்புக் கட்டங்களாக இருந்தன. சேலத்துப் பக்கமிருந்து மலையேறி வந்த கொத்தனார்கள், "ஜன்னல் வேணாம்னா சுவரா எழுப்பிடலாமுங்களே, எதுக்குக் கட்டி எதுக்கு அடைக்கணும்?" என்று கேட்டதற்கு, "என் தகப்பன் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. அவர்களும் வரி இல்லாத ஊரில் வரிக்குப் பயந்த ஜன்னல்களைக் கட்டினார்கள். கல்லில் நிலை இழைத்து, நடுவில் ஒரு கல்தண்டு நிறுத்தி, மழைத்தண்ணீர் வழிய மேலே புருவம் வைத்து, எல்லாம் முடித்துவிட்டு ஒவ்வொன்றாக அடைத்தார்கள். பால் அறையின் ஜன்னல் மட்டும் பாக்கி. அதைக் காலையில் அடைக்கலாம் என்று விட்டுப்போனவர்கள் காலையில் வந்தபோது அது அடைபட்டிருந்தது. இந்த மலையில் எந்தச் சூளையிலும் வேகாத, மெலிந்த, கறுஞ்சிவப்புச் செங்கற்களால். கூலிக்காக ராத்திரியில் திருட்டுத்தனமாக வேலை செய்தது நீதான் என்று ஒரு கோஷ்டி மற்றதை அடித்தது. அடிபட்ட கோஷ்டி மலையிறங்கிப் போய்விட்டது. துரை குடிபுகுவதற்கு முன்பே அந்த வீட்டில் சந்தேகம் குடிபுகுந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நகலெடுக்காமல் அசலாகவே வந்த பொருள் ஒன்றே ஒன்று. பால் அறையின் கல்மேடை. பாயளவு நீளமான கறுப்புப் பலகைக்கல். அந்தக் கல்லின் மேல் வைத்துக் கடைந்தால் வெண்ணெய் திரளாமல் போகாது என்பது துரையின் குடும்பத்தில் வழிவழியாக வந்த பேச்சாம். அதற்காகவே தகப்பன் செத்தபின் அதைப் பெயர்த்து, கப்பலில் சென்னைக்கும் ரயிலில் சேலத்துக்கும் கொண்டுவந்து, மூங்கில் கட்டி ஆள்தோளில் மலையேற்றினார்கள். கல்லின் முன்விளிம்பில் சின்னச் சின்னச் சின்னங்கள் வரிசையாகச் செதுக்கியிருந்தன. முதலில் தனியாக ஒரு நீண்ட கழுத்துச் சுரைக்காய். பிறகு சற்று இடம் விட்டு தூண்டில், ஏணி, மாட்டுக்கொம்பு, சக்கரம், கதிர் என்று போகும். சிலவற்றின் கீழே மட்டும் அலைபோல நெளிகோடு.

துரை போனார், அவர் மகன் விற்றான், வாங்கிய காப்பி வியாபாரி மிளகு மூட்டை அடுக்கினார், வௌவால்கள் வந்தன. எங்கள் பால் சொசைட்டி அந்த வடக்கறையை வாடகைக்குப் பிடித்தது, மலையிலேயே குளிர்ச்சியான அறை அது என்பதால். எல்லோர் கேனும் ஒரே மாதிரி இருக்க, "என் கேனை மாத்திட்டான்" என்று தினமும் சண்டை. அப்போது சொசைட்டி செயலாளர் ராயப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். கல்மேடையில் இருக்கிற சின்னங்களைக் குலுக்கல் முறையில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வது, அதைச் சிவப்புப் பெயின்ட்டில் கேன்மேல் எழுதிக்கொள்வது, கல்லில் எந்த வரிசையோ காலையில் நிற்பதும் அந்த வரிசை. சுரைக்காய் சொசைட்டியின் பெயர்ப்பலகைக்குப் போயிற்று. எனக்குத் தூண்டில். ஞானப்பூவுக்கு ஏணி. அவள் வாய்க்கு மலையே பயப்படும். ஏணியின் கீழே நெளிகோடு இருந்ததில் அவளுக்கு ஏகப்பெருமை.

"நெறைய பேருக்கு வெறும் படம். எனக்கு ஜரிகைக்கரை போட்டு வந்திருக்கு பாத்தீங்களா" என்றாள்.

கடைசிச் சின்னம் சூசைக்கு விழுந்தது. அது கிட்டத்தட்ட தேய்ந்தே போயிருந்தது. பிறையா, அரிவாளா, வாழைப்பழமா என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஏண்ணே ராயப்பண்ணே, என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? ஊருக்கெல்லாம் பளிச்சுனு குடுத்துட்டு எனக்கு மட்டும் தேஞ்சதா?"

"குலுக்கல்லடா விழுந்தது. நானா தேச்சேன்?"

"சீட்டை மடிச்சது நீதானே?"

"பிறைன்னு வச்சுக்க. பிறை நல்லதுதான்."

சூசை அதை மறக்கவே இல்லை. கடைசி வரிசை, தேய்ந்த சின்னம், அதற்குப் பின்னால் ஏதோ சதி. அவனுடைய மனைவி அமலோற்பவம்தான் சொசைட்டியில் பாலைச் சோதிப்பவள். காற்றுக்கு ஒதுங்கும் மெலிந்த உடம்பு, பேசாத முகம். ஒவ்வொருவர் பாலிலும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "சரி, அடுத்தது" என்பாள். அந்த முகத்தில் எதுவும் தெரியாது. அதனாலேயே எல்லோரும் அவளைச் சந்தேகப்பட்டோம். தண்ணீர் கலக்காதவர்கள் அவள் குறைத்துப் போடுகிறாள் என்றும், கலக்கியவர்கள் அவளுக்கு எல்லாம் தெரியும் என்றும்.

இப்படி இருக்கையில்தான் அந்த ஐப்பசி மழை. காலையில் கதவைத் திறந்தால் பால் அறைத் தரையெல்லாம் செங்கல், ஜன்னலில் சாம்பல் நிற வெளிச்சம், அதற்கப்பால் எங்கள் அறையைப் போலவே ஓர் அறை. அதே கல்மேடை, ஆனால் சின்னம் ஏதுமில்லாமல் மொட்டையாக. அதன்மேல் அகலப் பாத்திரங்களில் பாலாடை. அறையின் திறந்த கதவுக்கு வெளியே சேறு படிந்த முற்றம், தொழுவம், இலை உதிர்ந்த மரங்கள். வெள்ளைத் துணியால் தலையைக் கட்டிய ஒரு பெண் கையில் கரண்டியோடு எங்களைப் பார்த்தாள். நாங்கள் அவளைப் பார்த்தோம். அவள் முதலில் கரண்டிகளை எண்ணினாள். ராயப்பன் கேன்களை எண்ணினார்.

விழுந்த செங்கல்லுக்கு நடுவே ஒரு செருப்பு கிடந்தது. இடதுகால் ரப்பர் செருப்பு, நீலவார், வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது.

தாத்தாக்களுக்குத் தாத்தா காலத்துச் சுவருக்குள் ரப்பர் செருப்பு எப்படி வந்தது என்று நான் கேட்டேன். ஞானப்பூ என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எஸ்டேட் கணக்கெல்லாம் பாத்தவரு, இது தெரியலையா உங்களுக்கு? சுவத்துக்குள்ள செருப்பு இருந்தா, போட்டிருந்த ஆளு அந்தப் பக்கம் போயிருக்காங்கன்னு அர்த்தம். ஒத்தச் செருப்பா இருந்தா, திரும்பி வரலைன்னு அர்த்தம்."

"யாரு போனது?"

"இன்னும் போகலை. இனிமேதான்."

அதுதான் அன்றிலிருந்து எங்கள் கவலை. யார் கால்? ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தோம். பாதி ஊருக்குப் பொருந்தியது. அமலோற்பவத்தின் காலுக்கு அளவெடுத்தது போல் இருந்தது. செருப்பைச் சாட்சியாக வைத்திருக்கட்டும் என்று ஜன்னலோர ஆணியில் மாட்டினார் ராயப்பன். உதிர்ந்த செங்கல்லை வீணாக்குவானேன் என்று வண்டியில் ஏற்றிப்போய்த் தன் தொழுவ வாசலில் பதித்துக்கொண்டார். இரண்டுக்கும் தனித்தனியாக அவரைச் சந்தேகப்பட்டோம். ஊரில் இருந்த நீலவார்ச் செருப்புகள் எல்லாம் எரிக்கப்பட்டன. மளிகைக்கடைக்காரர் அதன்பின் கறுப்பு மட்டுமே வாங்கிவந்து, தட்டுப்பாட்டைச் சாக்கிட்டு விலையும் ஏற்றினார்.

மற்றபடி ஜன்னல் பழகிவிட்டது. பங்குச் சாமியார் தீர்த்தத்தோடு வந்து, அந்தப் பக்கச் சுவரில் சின்னதாய்ச் சிலுவை தொங்குவதைப் பார்த்துவிட்டு, "அவங்களும் நம்மாளுங்கதான் போல, கொஞ்சம் வேற மாதிரி" என்று திரும்பிப் போனார். கிராம அலுவலகத்திலிருந்து வந்தவர், அந்தப் பக்கம் எந்த சர்வே எண்ணில் வருகிறது என்று விசாரித்து, பதில் கிடைக்காமல், புறம்போக்காக இருக்கலாம் என்றார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "குட் மார்னிங் மேடம்" என்று சொல்ல, அந்தப் பெண் அலறிக்கொண்டு ஓடினாள். அவர்கள் பேசிய இங்கிலீஷ் எங்கள் எஸ்டேட்டில் வழங்கிய இங்கிலீஷ் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து நல்ல குளிர்காற்று வந்தது. பால் எடுக்க வரும் வேன் தாமதமானாலும் பால் கெடவில்லை. உடனே ஜன்னலோரம் யார் கேனை வைப்பது என்று கைகலப்பு. வெளியூர்க்காரர்களிடம் மூச்சு விடக்கூடாது என்று தீர்மானம் போட்டோம், குளிர்ச்சிக்கு என்று கொள்முதல் விலையில் பிடித்துக்கொண்டுவிடுவார்கள் என்று.

அவர்களும் எங்களைச் சந்தேகப்பட்டார்கள் என்பது சீக்கிரமே புரிந்தது. ஒரு கிழவர் வந்து ஜன்னல் நிலையில் கவராயத்தால் போட்டது போல வட்டத்துக்குள் வட்டமாகக் கீறிவிட்டு, எங்களைப் பார்த்து விரலைக் கொக்கிபோல் மடக்கிக் காட்டினார். இது செய்வினை என்று ஞானப்பூ எங்கள் பக்கம் பூசணிக்காயில் பல்லும் மீசையுமாக முகம் வரைந்து கட்டினாள். அவர்கள் துளையுள்ள கல்லொன்றைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். நாங்கள் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கவிட்டோம். இரண்டு தரப்பின் காவல்பொருட்களும் ஒரே காற்றில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆடின. யாரிடமிருந்து யாரைக் காப்பதற்காக அவை என்று அந்தக் காலைகளில் நான் அடிக்கடி யோசித்ததுண்டு.

அமலோற்பவம் மட்டும் எதையும் தொங்கவிடவில்லை. அந்தப் பெண் நாள்கணக்காக மரத்தொட்டியில் கடைந்து கடைந்து வெண்ணெய் திரளாமல் அழுவதையும், கிழவர் எங்கள் ஜன்னலைக் காட்டி அவளைத் திட்டுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் வரிசையை நிறுத்திவிட்டு, வெந்நீர்க் குண்டானை ஜன்னல் கல்லின்மேல் வைத்துத் தள்ளி, தொட்டியைக் காட்டிச் சைகை செய்தாள்.

"சில்லுனு இருந்தா எப்படித் திரளும்? அவ மேல குத்தமில்ல, குளிர் மேல குத்தம்" என்றாள் எங்களைப் பார்த்து. அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டோம்.

வெண்ணெய் திரண்டது. மறுநாள் கோஸ் இலையில் வைத்து ஓர் உருண்டை ஜன்னலுக்கு இப்பால் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு எங்கள் ஊரில் வெண்ணெய்க்காரி என்று பெயர். இருவரும் பாஷையில்லாமல் பேசிக்கொண்டார்கள். அமலோற்பவம் சிரிக்கக்கூடியவள் என்பதை ஊர் தெரிந்துகொண்டது. அது சூசைக்குத்தான் பொறுக்கவில்லை.

"அங்க என்னத்தடி கண்டே? எந்நேரமும் பொந்துல தலைய விட்டுக்கிட்டு."

"அவளும் விடிகாலைல எந்திரிக்கிறா. அவளையும் யாரும் நம்பறதில்ல. அதான்."

அவன் வீட்டிலிருந்த அவள் செருப்பையெல்லாம் எரித்தான், கறுப்பையும் சேர்த்து. செருப்பில்லாதவள் எப்படிப் போவாள், செருப்பில்லாமல் எப்படிச் சுவருக்குள் செருப்பு வரும் என்பது அவன் கணக்கு. ஒழுகுகிற தாழ்வாரத்தில் நின்று அது எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னதைத் தெருவே கேட்டது.

"போறவ வெறுங்கால்ல போவ மாட்டாளா? நீ சந்தேகப்படறதுலகூட அரைகுறைதான்யா."

சூசை முரடன்தான். ஆனால் அவள் சாப்பிடுமுன் அவன் ஒருநாளும் சாப்பிட்டதில்லை, காய்ச்சல் வந்தால் அவளைச் சுமந்துகொண்டு மலையிறங்குவான், அதையும் திட்டிக்கொண்டே செய்வான். அவனுக்கு அவளைத் தவிர ஆள் இல்லை. அவள் போய்விடுவாள் என்ற ஒரே பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் அந்த மழைக்காலத்தைக் கடந்தான்.

மாசி மாதம் ஒரு காலை. வரிசை நின்றிருந்தது. அமலோற்பவம் என் பாலில் லாக்டோமீட்டரை விட்டிருந்தாள். அந்தப் பக்கம் வெண்ணெய்க்காரி முழங்கைவரை ரத்தத்தோடு முற்றத்திலிருந்து ஓடிவந்து, ஜன்னல் கல்லைப் பிடித்துக்கொண்டு, தன் வயிற்றின் குறுக்கே கையை வைத்துக் காட்டினாள்.

"கன்னு குறுக்க கெடக்கு போல" என்றாள் அமலோற்பவம். "பாத்துட்டு வந்துடறேன். என்கிட்ட டெஸ்ட் ஆகாம யாரும் பாலை ஊத்தக் கூடாது, சொல்லிட்டேன்."

கல்தண்டுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த சந்தில், எங்களில் வேறு யாரும் நுழைய முடியாத அந்தச் சந்தில், பக்கவாட்டில் திரும்பி, மூச்சை அடக்கி, வெறுங்காலோடு அவள் அந்தப் பக்கம் இறங்கினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். தடுப்பதென்றால் வரிசையை விட்டு நகர வேண்டும். நகர்ந்தால் இடம் போய்விடும்.

சூசையின் இடம் கடைசி என்பதால் அவன் எப்போதும் கடைசியில்தான் வருவான். வந்தவன் என் பாலில் தனியாக மிதந்துகொண்டிருந்த லாக்டோமீட்டரைப் பார்த்தான்.

"எங்க அவ?"

"போயிட்டா" என்றாள் ஞானப்பூ.

வேறு எப்படியாவது அவள் அதைச் சொல்லியிருக்கலாம். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அவன் ஜன்னலில் தலையை நுழைத்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். தோள் நுழையவில்லை. அந்தப் பக்க அறைக்குக் கிழவரும் இரண்டு ஆட்களும் வந்து நின்று அவனைப் பார்த்தார்கள். "எம்பொண்டாட்டிய அனுப்புங்கடா" என்றான். அவர்கள் விரல்களைக் கொக்கிபோல் மடக்கினார்கள். அவன் தலையை இழுத்துக்கொண்டு, கைக்கு எட்டியதை, ஆணியில் தொங்கிய அந்தச் செருப்பை எடுத்து வீசினான்.

ஒருவர்மேல் செருப்பை வீசிவிட்டால் அதற்குப்பிறகு பேச எதுவும் மிச்சமில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். அவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. செருப்பு போய்ப் பாலாடைப் பாத்திரத்தில் விழுந்தது. ஓர் ஆள் அதை இடுக்கியால் எடுத்தான். மரமுமில்லை, தோலுமில்லை, அழுத்தினால் அமுங்கியது, விட்டால் எழுந்தது. அதைப் பார்த்து அவர்கள் முகம் வெளுத்ததை நாங்கள் பார்த்தோம். ஓடினார்கள். திரும்பி வந்தபோது கூடையில் செங்கல் இருந்தது. மெலிந்த, கறுஞ்சிவப்புச் செங்கல்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்தச் செருப்பு எந்தக் காலுக்கும் உரியதல்ல. யாரும் அதைப் போட்டுக்கொண்டு எங்கும் போகவில்லை. சுவரிலிருந்து விழுந்து, ஆணியில் தொங்கி, சுவருக்கே போகிற செருப்பு அது. நாங்கள் எரித்த செருப்புகள், உற்றுப் பார்த்த கால்கள் எல்லாம் வீண். அந்த ஊக்கை யார் குத்தினார்கள் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமலே கட்டினார்கள். சூசை மறுபடி நுழையப் பார்த்துத் தோளில் சிக்கிக்கொண்டான். ஓர் ஆள் வைக்கோல் கிளறும் கவைக்கோலை அவன் கழுத்துக்கு நேராக நீட்டினான். நாங்கள் காலைப் பிடித்து அவனை வெளியே இழுத்தோம். நான் "ஸ்டாப்" என்றேன், "வெயிட்" என்றேன், "ப்ளீஸ் சார்" என்றேன். ராயப்பன் வெண்ணெய்க்கு வேண்டுமானால் பால் தருகிறோம் என்று தமிழில் பேரம் பேசினார். கல் மேல் கல் ஏறியது. நடுவில் அந்தச் செருப்பைக் குப்புற வைத்து, மேலே சேற்றுக்கலவையை அப்பினார்கள். எங்களுக்கு எதிராக அவர்களிடமிருந்த பெரிய காவல்பொருள் அதுதான் என்று தோன்றியிருக்கும்.

ஒரே ஒரு கல்லுக்கு இடம் பாக்கி இருந்தபோது முற்றத்துச் சேற்றில் அமலோற்பவம் ஓடிவருவது தெரிந்தது. கையெல்லாம் ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு. இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவளுக்கு எதுவும் தெரியாது. எங்களை நோக்கிக் கையைத் தூக்கிக்கொண்டு கத்தினாள்.

"கன்னு பொழைச்சிருச்சு! கிடேரி! கிடேரிக் கன்னு!"

கடைசிக் கல் உட்கார்ந்தது.

மறுகணம் அங்கே சுவரே இல்லை. அவர்கள் கட்டிய அந்தச் சுவர்தான் துரை காலத்திலிருந்து நின்று, ஐப்பசியிலேயே எங்கள் பக்கம் உதிர்ந்துவிட்டதே; அதன் கற்கள் ராயப்பனின் தொழுவ வாசலில் அல்லவா கிடக்கின்றன. ஜன்னல் திறந்திருந்தது. அதற்கப்பால் சில்வர் ஓக் மரமும், அதில் ஏறிய மிளகுக்கொடியும், கொடியை மேய்ந்துகொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்த ராயப்பனின் ஆடும் இருந்தன.

கீழேயிருந்து விசாரிக்க வந்தவர்கள் சூசையைச் சந்தேகப்பட்டார்கள். பால் அறைத் தரையைத் தோண்டிப் பார்த்து, ஒன்றும் இல்லாமல் மூடிவிட்டுப் போனார்கள். சூசை எங்களையெல்லாம் சந்தேகப்பட்டான். நாங்கள் ஞானப்பூவின் வாயைச் சந்தேகப்பட்டோம். பாலைச் சோதிக்க ஆள் வேண்டும் என்றபோது யாரும் யாரையும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில், எல்லோர்மேலும் ஒரே அளவு சந்தேகம் உள்ளவன் என்ற தகுதியில் சூசையிடமே லாக்டோமீட்டர் போயிற்று. அவன் அவளைப் போலவே குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "அடுத்தது" என்பான். "சரி" என்று சொல்லமாட்டான். அவள் சந்தோஷமாகவே போனாள், அவர்களோடு இருக்கத்தான் போனாள் என்று அவன் முடிவுகட்டிவிட்டான். சிரித்துக்கொண்டுதானே ஓடிவந்தாள் என்பான். நாங்கள் ஆயிரம் சொல்லியும் அவன் கேட்கவில்லை. சொன்னவர்கள் நாங்கள் அல்லவா.

வைகாசி பிறந்தது. சூரியன் வடக்கே ஒதுங்கி எழும் மாதம். வடக்கு ஜன்னலுக்கும் காலை வெயில் கிடைக்கிற மாதம். அந்த அறை கட்டப்பட்ட நாளிலிருந்து ஒருதரம்கூட அதற்குள் வெயில் வந்ததில்லை. அன்று வந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, கல்மேடையின் விளிம்பை ஒட்டியே தவழ்ந்து வந்ததால், செதுக்கல் ஒவ்வொன்றின் பள்ளத்திலும் நிழல் நின்று எல்லாச் சின்னங்களும் எழுந்து நின்றன. முதலில் நிற்பவன் நான். முதலில் பார்த்ததும் நான்தான். வரிசைக்கு முன்னால் தனியாக இருந்த நீண்ட கழுத்துச் சுரைக்காயின் கழுத்தில், அதுவரை யாருக்கும் தெரியாத மெல்லிய கோடுகள், அளவுக்கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

சூசையின் கையிலிருந்ததைப் பார்த்தேன். கல்லைப் பார்த்தேன்.

"சூசை, இது சுரைக்காய் இல்லடா" என்றேன்.

அவன் கையிலிருந்த லாக்டோமீட்டரைக் கல்லின்மேல் அதன் பக்கத்தில் வைத்தான். குண்டு அடி, நீண்ட கழுத்து, கோடுகள். வரிசை கலைந்து எல்லோரும் குனிந்தோம். தூண்டில், ஏணி, மாட்டுக்கொம்பு, சக்கரம், கதிர். நாங்கள் அந்தக் கல்லிலிருந்து எடுத்து எங்கள் கேன்களில் எழுதிக்கொண்டதாக நினைத்த சின்னங்கள். எங்கள் கேன்களை நினைவில் வைத்திருந்த ஒருத்தி, அந்தப் பக்கத்து மொட்டைக் கல்லின்முன், துரை அதைக் கப்பலேற்றுவதற்கு வெகுகாலம் முன்பே உட்கார்ந்து, நாங்கள் தினமும் நிற்கிற வரிசையிலேயே, ஒருவரையும் விடாமல், இடம் மாற்றாமல், ஆணியாலோ உளியாலோ செதுக்கியிருக்கிறாள். யாரோ ஒருவர் நெளிகோடுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஜரிகையில்ல, தண்ணி" என்றார். ஞானப்பூ தன் கேனை எடுத்து ஏணியை மறைத்து வைத்தாள். ராயப்பனின் சக்கரத்தின் கீழே இரட்டை நெளிகோடு. ஒருநாளும் வாய்திறந்து சொல்லாததை அவள் கல்லிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

சூசை கடைசிக்கு வந்துசேர்ந்தான். சாய்ந்த வெயிலில் அந்தச் சின்னம் பிறை என்று இப்போது நன்றாகவே தெரிந்தது, தெரிந்ததோடு இன்னொன்றும் தெரிந்தது. மற்ற எல்லாச் சின்னங்களின் ஓரங்களும் நேற்றுச் செதுக்கியதைப் போலக் கூராக இருந்தன. இது ஒன்றின் ஓரங்கள்தான் கரைந்திருந்தன. அது மழையில் கரைந்ததில்லை. கூரைக்குள் இருக்கிற கல்லுக்கு ஏது மழை. விரல் அகலத்துக்கு, விரல் வளைகிற வாக்கில், வழவழவென்று ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கல்லை அப்படித் தேய்க்க ஒரு விரலுக்கு எத்தனை வருஷம் வேண்டும் என்று நான் கணக்குப் போடவில்லை.

"தேஞ்சதக் குடுத்து என்னை ஏமாத்திட்டான்னு ராயப்பண்ணனைத் திட்டினேனே" என்றான் சூசை.

தன் விரலை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தான். அவன் விரல் தடியானது; பள்ளம் மெல்லியது. அப்படியும் வைத்துக்கொண்டு நின்றான். வெளியே வேன் வந்து ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது. கேன்களில் பால் சூடேறிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவரும் 'அடுத்தது' என்று சொல்லவில்லை.